எமலோகச் சிரிப்பும் எழவு வீட்டுச் செலவும்

(கோவை ஜில்லாவில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது)



இன்று இங்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாவைப் பற்றியதாகும். விளக்கு வைத்த நேரத்தில் இந்தப் பேச்சா என்று யாராவது முகத்தைச் சுளிப்பீர்களானால், நாம் பேசாவிட்டாலும் அது வராமல் இருக்கப் போவதில்லை என்று மாத்திரம் சொல்லிக்கொள்ளுகிறோம். ஆனாலும் பயப்பட வேண்டியதில்லை. நாம் சினிமாவிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறோம்.

கோயமுத்தூருக்குச் சினிமா புதிதல்ல. சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் 1914-லேயே இங்கு வெரைட்டி ஹால் கட்டிப் படம் காட்டினார். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களாகிய நமக்கு எமன் வரும் சினிமாக்கள் எல்லாம் நன்றாய்த் தெரியும். 1980-ல் "எமனுக்கு எமன்" வந்தது. அது 1977-ல் தெலுங்கில் வந்த "யமகோல" என்ற படத்தைப் பார்த்து எடுத்தது. அதில் கதாநாயகன் எமலோகம் போய், எமகிங்கரர்களையே சங்கம் சேர்த்துக் கொடி பிடிக்க வைத்துவிடுகிறான். 1990-ல் "அதிசயப் பிறவி". ஆயுள் முடியாதவனைத் தவறாகப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். திருப்பி அனுப்பலாமென்றால் இங்கே உடம்பை எரித்தாகிவிட்டது. 1995-ல் "லக்கி மேன்". அதில் எமனாக வந்தவர் நம் உடுமலைப் பக்கத்து வல்லகுண்டாபுரத்தில் பிறந்த கவுண்டமணி. சித்திரகுப்தனாக வந்தவர் செந்தில். எமலோகத்துப் புஸ்தகம் கைதவறிப் பூமியில் விழுந்து ஒரு வாலிபன் கையில் சிக்கிக்கொள்ள, எமன் அதைத் தேடிக்கொண்டு நம் ரோட்டில் அலைகிறான். 2008-ல் வடிவேலு, எமனும் தாமே, இந்திரனும் தாமே, அவர்களிடம் சிக்கிய கூத்தாடியும் தாமே என்று ஒரு படத்தில் மூன்று வேஷம் போட்டார். இவைகளையெல்லாம் இப்பொழுது டெலிவிஷனில் துண்டு துண்டாகப் போடுகிறார்கள். சோறு சாப்பிட்டுக்கொண்டே எமனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

நாம் இதைக் குறைசொல்ல வரவில்லை. நன்றாகச் சிரியுங்கள். ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். அங்கே ஒரு பேரேடு, அதை எழுத ஒரு கணக்குப்பிள்ளை, ஆள் மாறாட்டம், மேலதிகாரிக்குப் பயம், கீழே இருப்பவனுக்குத் திமிர். இது அசல் தாலுகா ஆபீசா அல்லவா? எமலோகத்தைக் கண்டு வந்தவன் ஒருவனுமில்லை. ஆகவே கதை எழுதுகிறவன் தான் கண்ட தாலுகா ஆபீசையே அங்கே கொண்டுபோய் வைக்கிறான். சரி, கருட புராணம் எழுதினவன் மாத்திரம் எதைக் கண்டான்? அவன் காலத்து ராஜாவின் ஜெயிலையும், சவுக்கையும், எண்ணெய்க் கொப்பரையையும் கண்டான், அதையே எழுதிவைத்தான். சினிமாக்காரனுடைய கற்பனைக்கு நாம் டிக்கட் வாங்குவதோடு சரி. புராணக்காரனுடைய கற்பனைக்கோ அப்பன் செத்தால் ஒருதரம், ஆத்தாள் செத்தால் ஒருதரம், அப்புறம் வருஷா வருஷம் என்று ஆயுள் முழுவதும் கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் புராணக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். எமபட்டணம் 86,000 யோசனை தூரமாம். செத்தவன் தினம் 247 யோசனை நடக்க வேண்டுமாம். ஒரு யோசனைக்கு எட்டு மைல் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்குச் சுமார் 2,000 மைல். உயிரோடிருக்கும்பொழுது காந்திபுரத்திலிருந்து உக்கடத்துக்கு நடக்க மாட்டாமல் பஸ் ஏறின நம் தாத்தா, செத்த பிறகு தினம் 2,000 மைல் நடக்கிறார்! மொத்த தூரம் 6,88,000 மைல். சந்திரனுக்கு இங்கிருந்து சுமார் 2,39,000 மைல்தான். 1969-ல் மனிதன் அங்கே இறங்கி நடந்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டான். சந்திரனைப்போல் ஏறக்குறைய மூன்று பங்கு தூரத்திலிருப்பதாகச் சொல்லும் இந்தப் பட்டணத்துக்குத்தான் வீட்டு முற்றத்திலிருந்து பிண்டம் அனுப்புகிறோம். வழியில் வெயிலாம், அதற்கு ஒரு குடை. முள்ளாம், அதற்கு ஒரு ஜோடு செருப்பு. வைதரணி என்று சீழும் ரத்தமும் ஓடுகிற ஆறாம், அதைத் தாண்ட ஒரு பசுமாடு. குடையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, மாட்டையும் ஓட்டிக்கொண்டு எதிர் சந்தில் போகிறவர் யார் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இப்பொழுது மாட்டுக்குப் பதிலாக ரொக்கமே போதுமென்று ஆகிவிட்டது. செத்தவர் எதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டுவார், ரூபாய் நோட்டுக்கு வால் உண்டா என்று நாம் கேட்டால் நம்மை நாஸ்திகன் என்கிறார்கள்.

நிற்க. நம் ஊர்ச் சங்கதிக்கே வருவோம். பேரூரைப் பற்றி ஐந்து அதிசயங்கள் சொல்லுவார்கள். இறவாப் பனை, பிறவாப் புளி, புழுக்காத சாணம், ஆற்றில் போட்ட எலும்பு கல்லாவது, சாகிறவர்கள் வலது காது மேலே இருக்கும்படி சாவது. அந்த வலது காதில் சிவனே வந்து மந்திரம் ஓதி மோட்சத்துக்கு அனுப்பிவிடுகிறாராம். நல்லது. அப்படியானால் பேரூர் எல்லைக்குள் எமனுக்கு வேலையே இல்லை. அங்கே செத்தவர் அனைவரும் நேரே மோட்சம் போயாகிவிட்டது. பின் அந்தப் பேரூர்க்காரர்கள் எதற்குத் திதி கொடுக்கிறார்கள்? எதற்கு ஆடி அமாவாசைக்கு நொய்யல் கரையில் இத்தனை இலையும் இத்தனை எள்ளும்? மோட்சம் போனவருக்குச் சோறு எதற்கு? போகவில்லையென்றால் காதில் ஓதின கதை எதற்கு? இரண்டில் ஒன்றுதான் நிஜமாக இருக்க முடியும். இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம். பவானிக் கூடுதுறையிலோ இன்னும் விசேஷம். காவேரி தெரிகிறது, பவானி தெரிகிறது. மூன்றாவதாக அமுத நதி என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் கூடுகிறதாம். தெரியாத ஆற்றில் முழுகித் தெரியாத உலகத்துக்குச் சோறு அனுப்புகிறோம். தெரிகிற பணம் மாத்திரம் தெரிகிற கைக்குப் போகிறது.

இதில் நமக்குச் சிரிப்பு வராத இடம் ஒன்று உண்டு. கூலிக்குப் போகிறவன் வீட்டில் சாவு விழுந்தால் அழுகை ஓயுமுன் வட்டிக்கு வாங்க ஓடுகிறான். பந்தல், பாடை, கோடித் துணி, கருமாதிச் சாப்பாடு. "அவன் அப்பனுக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று ஊரார் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயம் எமபயத்தைவிடப் பெரியது. வைத்தியத்துக்குக் கொடுக்காத கடனைக் கருமாதிக்குக் கொடுக்க ஆள் இருக்கிறது! புருஷன் செத்தானென்றால் அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் கதி என்ன? வளையலை உடைத்து, பூவைப் பிய்த்து, தாலியை அறுத்து, நாலு பேர் பார்க்க உட்கார வைக்கிறார்கள். செத்தவனுடைய நரகம் 86,000 யோசனைக்கு அப்பால் இருக்கிறது. இருக்கிறவளுடைய நரகம் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறது. தாய்மார்களே, இதை உங்களிடமே சொல்லுகிறோம். ஏனென்றால் அந்த வளையலை உடைக்கும் கையும் பெரும்பாலும் பெண்பிள்ளையின் கையாகவே இருக்கிறது.

"ஐயா, பொய்யாகவே இருக்கட்டும், எமன் நரகம் என்ற பயம் இருந்தால்தானே ஜனங்கள் ஒழுங்காய் நடப்பார்கள்" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அந்தப் பயம் நடத்துகிற ஒழுங்கைப் பார்ப்போம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்து நாராயணபுரத்தில் தாழ்த்தப்பட்ட தோழர் ஒருவருடைய பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வழி கிடைக்காமல், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். பிணம் போகிற வழியை மறித்தவர்களுக்கு எமபயம் இல்லையா? திதி கொடுக்காதவர்களா அவர்கள்? செத்தால் எல்லாரும் ஒரு பிடி சாம்பல் என்று வேதாந்தம் பேசுகிற தேசத்தில், ஒரே ஊரில் சாதிக்கொரு சுடுகாடு வைத்திருக்கிறோம். சினிமாவில் வரும் எமனாவது எல்லாரையும் ஒரே எருமையில் ஏற்றுகிறான்!

அதே வருஷம் டிசம்பர் 2-ந் தேதி, நம் ஜில்லாவிலேயே, மேட்டுப்பாளையம் நடூரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். விடாத மழை. சுமார் 20 அடி உயரச் சுவர் ஒன்று விடியற்காலையில் வீடுகளின்மேல் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். எல்லாரும் தாழ்த்தப்பட்டவர்கள். தீண்டாமைச் சுவர் என்றே அந்த ஜனங்கள் அதைச் சொன்னார்கள். அந்த 17 பேரும் அன்று சாக வேண்டுமென்று சித்திரகுப்தன் எழுதியிருந்தானாம், விதியாம். இப்படிச் சொன்னவர்களும் உண்டு. இதற்குத்தான் அந்தப் பேரேடு உதவுகிறது! சுவர் கட்டினது மனிதன், விழுந்தது சுவர், பழி மாத்திரம் எமலோகத்துக் கணக்குப்பிள்ளை மேல்.

அன்று தம் மகனையும் மகளையும் அந்தச் சுவருக்குப் பறிகொடுத்த ஒரு தகப்பனார் இருந்தார். டீக்கடையில் வேலை செய்து பிழைக்கிறவர். தாயில்லாத பிள்ளைகளை வளர்த்தவர். அந்த நிலையில், இரண்டு பிள்ளைகளுடைய கண்களையும் தானமாக எடுத்துக்கொள்ளும்படி அவர் சொன்னார். எந்தப் புராணத்தைப் படித்து அவர் அதைச் செய்தார்? அவர் கொடுத்ததற்கு எள்ளும் வேண்டியதில்லை, தண்ணீரும் வேண்டியதில்லை.

ஒரு ஜோடிக் கண்ணால் கண்ணில்லாத இரண்டு பேருக்குப் பார்வை வரக்கூடும். செத்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கருவிழியை மாத்திரமே பொருத்துவதால் வயதானவரும், கண்ணாடி போட்டவரும், சர்க்கரை வியாதிக்காரரும் கொடுக்கலாம். டாக்டர் வருகிற வரை செய்ய வேண்டியது, கண்ணை மூடி ஈரத்துணி போட்டு, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்துவதுதான். உடம்பையே கொடுக்க விரும்புகிறவர்கள் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கலாம். நம் கோவையில் 1966 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூளைச் சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைக் கொடுத்தால் அந்த உடலுக்கு அரசு மரியாதை செய்வதென்று 2023 செப்டம்பரில் சர்க்காரே அறிவித்திருக்கிறது. கொள்ளி வைப்பதற்குப் பிள்ளை இல்லையே என்று ஏங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம். நீங்கள் எழுதிக்கொடுத்தால் மாத்திரம் போதாது. செத்த பிறகு பேசப் போகிறவர்கள் உங்கள் வீட்டுக்காரர்கள். அவர்கள் அழுகிற சமயத்தில் பங்காளிகள் வந்து "கண்ணில்லாமல் அடுத்த ஜன்மத்தில் குருடனாய்ப் பிறப்பான்" என்று ஒரே வார்த்தையில் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள். ஆகையால் இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும், சாப்பாட்டின்போது டெலிவிஷனில் எமன் வந்தால், அந்தச் சிரிப்போடேயே மனைவி மக்களிடம் பேச்சை எடுத்துவிடுங்கள். படிவங்கள் அந்த மேஜையின் மேல் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத தோழர்களுக்குப் பூர்த்தி செய்து கொடுக்க இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பத்தோடு வந்திருக்கிறவர்கள் முதலில் வரலாம்.