கூப்பிடு தூரத்தில் அரசு இருக்கிறதா?

(சங்கத்தின் மும்பை மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நாம் குடியிருப்பைப் பற்றிப் பேசுவோம். ரேஷன் அட்டையைப் பற்றிப் பேசுவோம். வாக்காளர் பட்டியலில் விடுபட்டுப் போகும் பெயர்களைப் பற்றிப் பேசுவோம். இன்று வயர்லெஸ்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "அது போலீஸ்காரர் தோளில் கரகரக்கிற கருவியாயிற்றே, அதற்கும் நமக்கும் என்ன?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆபத்து நேரத்தில் நம் குரல் யார் காதில் விழும்? அரசின் எச்சரிக்கை நம் காதில் விழுமா? இந்த இரண்டு கேள்விகளும் அந்தக் கருவிக்குள்தான் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவே இதுவும் உரிமைப் பிரச்சினைதான்.

நம் ஊர்ப் பக்கம் 'கூப்பிடு தூரம்' என்பார்கள். ஒருவன் குரல் கொடுத்தால் இன்னொருவன் காதில் விழுகிற தூரம். ஊரை விட்டு வெளியேறிப் பிழைக்கிற நமக்கு அரசு கூப்பிடு தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் இன்றைய பேச்சு.

பெட்டிமுடியில் நடந்தது

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அப்பால் ராஜமலைப் பகுதியில் இருக்கிறது பெட்டிமுடி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்கள் அங்கே வரிசையாக இருந்தன. அவற்றில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். தென் மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பு மலையேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள். மழை விடாமல் கொட்டிற்று. மின்சாரம் போயிற்று. மின்சாரம் போன பின் செல்போனும் ஊமையாயிற்று. அந்த நிலையில், மக்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது மலை சரிந்தது. காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 உயிர்கள் மண்ணுக்குள் போயின.

தப்பியவர்கள் யாரைக் கூப்பிடுவது? எதைக் கொண்டு கூப்பிடுவது? ஆள் நடந்துபோய்ச் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. வெளியுலகுக்கு விஷயம் தெரிந்து மீட்புப் பணி தொடங்க மறுநாள் காலை ஆயிற்று. செய்தி முன்னதாகப் போயிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட நாம் வரவில்லை. மண்ணில் புதைந்தவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர் என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. ஒரு மலைக் குடியிருப்பே அழிந்து, இந்த நாட்டுக்கு அது தெரிய ஓர் இரவு கழிய வேண்டியிருந்தது. சந்திரனுக்குக் கலம் அனுப்புகிற நாட்டில்தான் இது நடந்தது.

செல்போன் ஏன் கைவிடுகிறது?

"எல்லார் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே" என்பார்கள். செல்போன் எதை நம்பி நிற்கிறது என்று பார்ப்போம். நம் கையிலுள்ள கருவி பக்கத்து டவரோடு மட்டுமே பேசும். அந்த டவருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். சாலை துண்டிக்கப்பட்டால் டீசல் போகாது. டவரிலிருந்து வெளியே போகும் கேபிள் பெரும்பாலும் சாலை ஓரமாகவே செல்லும். நிலச்சரிவில் அதுவும் அறுந்துபோகும். எல்லாம் சரியாக இருந்தாலும், எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முயன்றால் நெரிசலில் யாருக்கும் இணைப்பு கிடைக்காது. ஆக, எந்த நேரத்தில் அது மிகவும் தேவையோ, அந்த நேரத்தில்தான் அது கைவிடுகிறது.

2005 ஜூலை 26இல் இதே மும்பையில் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், மித்தி ஆறு பெருகிக் குடிசைகளுக்குள் புகுந்ததையும், போன் கிடைக்காமல் இந்த நகரம் தவித்ததையும் அறியாதவர் இங்கே இல்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, அங்குள்ள தாய் தந்தையரின் குரலைக் கேட்க முடியாமல் வெளி மாநிலங்களில் நம் மக்கள் பட்ட பாட்டையும் நாம் அறிவோம்.

போலீஸாரும் தீயணைப்புப் படையினரும் பயன்படுத்தும் வயர்லெஸ் வேறு வகையானது. பொத்தானை அழுத்தி ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையிலுள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்கலாம். சில கிலோமீட்டர் தூரத்துக்கு டவரின் உதவியே இல்லாமல் கருவிக்குக் கருவி நேராகப் பேசலாம். இதன் அருமை அரசுக்குத் தெரியும். காவல் துறையின் வயர்லெஸ் தொடர்புகளை ஒருங்கிணைக்க 1946லேயே மத்திய அளவில் ஓர் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. தன் காதையும் வாயையும் பாதுகாத்துக்கொள்ள அரசு அன்றே வழி செய்துகொண்டது. நம் காதுக்கும் வாய்க்கும்தான் இன்னும் வழியில்லை.

துறைக்கு ஒரு காது

அரசின் ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. போலீஸுக்கு ஓர் அலைவரிசை, தீயணைப்புப் படைக்கு வேறு, ரயில்வேக்கு வேறு. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோயன்று. 2001 செப்டம்பர் 11இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, கட்டடத்தின் நிலை மோசமாகிறது என்று வானில் பறந்த போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து எச்சரிக்கை வந்தது. அது போலீஸ் வயர்லெஸ்ஸில் போயிற்று. கோபுரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களின் வயர்லெஸ் வேறு. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் மடிந்தனர். பணக்கார நாடு, உயர்ந்த கருவிகள். ஆனால் ஒரு துறையின் குரல் மறு துறையின் காதுக்கு எட்டவில்லை. அதன் பிறகுதான் அந்த நாடு விழித்துக்கொண்டு, எல்லா மீட்புத் துறைகளுக்கும் பொதுவான தனி வலையமைப்பு வேண்டும் என்று 2012இல் சட்டம் செய்தது.

இங்கும் யோசனை இல்லாமலில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2018 ஜூனில் விரிவான பரிந்துரை ஒன்றைத் தந்தது. பேரிடர் நேரத்துக்கென்று நவீன வலையமைப்பு வேண்டும்; அதற்கு அலைக்கற்றையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆண்டுகள் ஓடிவிட்டன. நாடு முழுவதற்குமான அந்த வலையை நாம் இன்னும் காணவில்லை. அலைக்கற்றையை ஏலம் விட்டால் கோடிகள் வரும். உயிர் காக்க ஒதுக்கினால் கஜானாவுக்கு என்ன வரும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கும்வரை இது மெல்லத்தான் நகரும்.

சட்டத்தின் பார்வையையும் கவனியுங்கள். வெள்ளையர் காலத்து 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் 'பொதுப் பாதுகாப்பு' என்ற சொல் வந்தது. செய்தியை நிறுத்தவும் ஒட்டுக் கேட்கவும் அரசுக்கு அதிகாரம் தருவதற்காக வந்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கிற 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும், பொதுப் பாதுகாப்பு என்ற பெயரால் சேவையை நிறுத்தவும், இடைமறிக்கவும், தற்காலிகமாகத் தன் வசம் எடுத்துக்கொள்ளவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. மீட்புப் பணியில் இருப்போரின் செய்திக்கு முன்னுரிமை தரவும் அதில் இடமுண்டு, அதை வரவேற்கிறோம். ஆனால் ஆபத்தில் இருக்கும் குடிமகனின் குரல் அரசை எட்டியே தீர வேண்டும் என்கிற உரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

கடலில் போனவர்களின் கதை

மலையில் நடந்ததைச் சொன்னோம். கடலில் நடந்ததையும் பாருங்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைக் கலக்கியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் கரையிலில்லை. படகில் வைத்திருக்கும் வி.எச்.எப். வயர்லெஸ் கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும். அவர்களோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை; அபயக் குரலும் வந்து சேரவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டனர், அல்லது திரும்பவில்லை. காற்றில் அடித்துச் செல்லப்பட்டுப் பிழைத்தவர்களில் பலர் லட்சத்தீவிலும், இதே மகாராஷ்டிரத்தின் தேவ்கட் கரையிலும் ஒதுங்கினார்கள். தம் பிள்ளைகள் உயிரோடிருக்கிறார்களா என்று தெரியாமல் குடும்பங்கள் வீதியில் அமர்ந்து போராடின.

அந்தப் போராட்டங்களுக்குப் பிறகுதான் சில மாற்றங்கள் வந்தன. 2019இல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் புயல் செய்தியை அது படகுக்குக் கொண்டுவரும். ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப அதில் வழியில்லை. அதாவது அரசு பேசும், மீனவன் கேட்க வேண்டும். மீனவன் பேசினால் அரசுக்குக் கேட்காது. அடுத்து, 1 லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாய் செலவில் இருவழியும் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார். அபயக் குரல் கொடுக்க அதில் வசதி உண்டு. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. கருவி இல்லாமலில்லை, பணமும் இல்லாமலில்லை. கேட்டுப் போராடிய இடத்துக்கு அது வந்து சேர்கிறது.

எந்த மொழியில் அபாயம்?

இனி நகரத்துக்கு வருவோம். 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கி, 112 என்ற ஒரே அவசர எண் நாடெங்கும் வந்திருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அது பொது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த அழைப்பை எடுப்பது அந்தந்த மாநிலத்தின் கட்டுப்பாட்டு அறை. ஊரிலிருந்து போன வாரம் வந்த கட்டடத் தொழிலாளி, மராத்தியும் இந்தியும் அறியாதவர், எதிர்முனையில் இருப்பவரிடம் என்ன சொல்வார்? தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கும் பீகார்த் தொழிலாளிக்கும் இதே கதிதான். அவருக்காகவும் சேர்த்துத்தான் நாம் பேசுகிறோம்.

2023இல் நாடு முழுவதும் நம் செல்போன்கள் திடீரென்று அலறின, நினைவிருக்கிறதா? அது எச்சரிக்கைச் சோதனை. ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும், எண் எதுவும் தேவையில்லாமல், நெரிசலில் சிக்காமல் ஒரே வீச்சில் செய்தி அனுப்பும் முறை. பல இந்திய மொழிகளில் எச்சரிக்கை அனுப்பும் வசதி அரசிடம் இருக்கிறது. அப்படியானால் தாராவியில் ஒலிக்கும் எச்சரிக்கை தமிழிலும், திருப்பூரில் ஒலிக்கும் எச்சரிக்கை இந்தியிலும் ஒடியாவிலும் ஏன் வரக் கூடாது? வெள்ளம் மொழி பார்த்து வருவதில்லை.

நம் கோரிக்கைகள்

முதலாவது: மலை, கடற்கரை, ஆற்றோரம் ஆகிய இடங்களிலுள்ள டவர்கள் மின்சாரமின்றி 3 நாளாவது இயங்கும்படி பேட்டரி, சூரிய மின்சக்தி ஏற்பாடு இருக்க வேண்டும். அதை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும்.

இரண்டாவது: தோட்ட லயம், செங்கற்சூளை, பெரிய கட்டுமான முகாம் ஒவ்வொன்றிலும் டவரை நம்பாத வயர்லெஸ் கருவி ஒன்று முதலாளியின் செலவில் இருக்க வேண்டும். சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். ஆகவே இதை அரசே முன்னின்று செய்தாக வேண்டும்.

மூன்றாவது: மீட்புத் துறைகள் ஒன்றோடொன்று பேசும் பொது வலையமைப்பைப் பொதுத்துறையின் பொறுப்பில் உடனே அமைக்க வேண்டும்.

நான்காவது: 112 அறைகளிலும் எச்சரிக்கைச் செய்திகளிலும் அங்கே வாழும் புலம்பெயர்ந்த உழைப்பாளர்களின் மொழிகளுக்கும் இடம் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

கோரிக்கை வைத்துவிட்டு நாம் கைகட்டி இருக்கப் போவதில்லை. 'ஹாம்' எனப்படும் பயில்முறை வானொலியைப் பற்றி நம் இளைஞர்கள் அறிய வேண்டும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானில், அன்றைய போர்ட் பிளேரில் வானொலிப் பரிசோதனைக்காக முகாமிட்டிருந்தது. 26ஆம் நாள் சுனாமி தாக்கித் தொலைபேசிகள் செத்தபோது, அந்தக் குழுவின் சிறு கருவிகள்தாம் தீவுகளின் செய்தியை வெளியே கொண்டுவந்தன. உறவினர் நலம் பற்றிய விசாரிப்புகளையும் சுமந்தன. அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற்றால் யாரும் ஹாம் ஆகலாம். மோர்ஸ் சங்கேதம் தெரியாமலே பெறக்கூடிய தரமும் உண்டு. நம் சங்கத்திலிருந்து இந்த ஆண்டு பத்து இளைஞர்களும் பத்து இளம்பெண்களும் அந்தத் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தெருவுக்கு இரண்டு பேர் என்று பொறுப்பு எடுத்து, முதியவர், நோயாளி, கைக்குழந்தை இருக்கும் வீடுகளின் பட்டியலை மழைக்காலத்துக்கு முன் தயார் செய்யுங்கள்.

தோழர்களே, வரி வாங்கவும் வாக்குக் கேட்கவும் நாட்டின் எந்த மூலைக்கும் அரசு வந்து சேர்ந்துவிடுகிறது. அப்போது தூரம் தெரிவதில்லை, மொழியும் தடையில்லை. அந்த மூலையிலிருந்து ஒரு தொழிலாளி "காப்பாற்றுங்கள்" என்று குரல் கொடுத்தால் அதுவும் அதே வேகத்தில் போய்ச் சேர வேண்டும் என்றுதான் கேட்கிறோம். இது சலுகையன்று, கடமை. மனுவாக எழுதுவோம், கையொப்பம் திரட்டுவோம், தொடர்ந்து கேட்போம்.