தூண்டிலுக்கு என்ன விலை?

மரபறிவு என்றால் கண்காட்சிக் கூடத்தில் கண்ணாடிக்குள் வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வணிகர்கள் கூடியிருக்கும் இந்த மன்றத்தில் நான் கல்லாப்பெட்டிக்குள் இருக்கும் மரபறிவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம் சம்பலுக்கு மாசி தந்த ஊர் மாலைதீவு. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைப்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் அங்கே காழியாக (நீதிபதியாக) இருந்த பயணி இபின் பதூதா, இந்த மீன் இந்தியா, சீனா, யேமன் வரை போவதாக எழுதிவைத்திருக்கிறார்.

சூரையைப் பிடிக்கும் விதத்தைக் கேளுங்கள். முதலில் பவளப்பாறை ஓரத்தில் பொடிமீன் பிடிப்பார்கள். அது சாகக்கூடாதே! படகின் அடியில் துளையிட்டு, கடல்நீர் உள்ளே வந்து போகும் அறை ஒன்றை அமைத்தார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் உயிருள்ள பொடிமீனை வீசி, தண்ணீரையும் வாரி இறைப்பார்கள். இரை துள்ளுகிறது என்று சூரை ஏமாந்து மேலே வரும். தூண்டில் முள்ளில் எதிர்முள் கிடையாது. கழியைச் சுண்டினால் மீன் தானே கழன்று தளத்தில் விழும். ஒரு முள், ஒரு மீன். ஆமை அகப்படாது, டொல்பின் அகப்படாது.

1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை மாசி இறக்குமதியைக் குறைத்தது. மாலைதீவு தடுமாறியது; பிறகு உறைமீனுக்கும் தகர மீனுக்கும் மாறியது. படகுக்கு இயந்திரம் வந்தது, வாரி இறைத்த கைக்குப் பதில் பம்பு வந்தது. தூண்டில் மட்டும் மாறவில்லை. 2012இல், வளம் குன்றாத மீன்பிடிக்குச் சான்று தரும் கடல்வள மேற்பார்வைக் கழகத்தின் (MSC) நீல முத்திரை கிடைத்தது. ஐரோப்பியக் கடைத்தட்டுக்கு அதுவே கடவுச்சீட்டு.

நூற்றாண்டுகளாகச் செய்துவந்த தொழிலுக்கு இலண்டனில் தலைமையகம் உள்ள ஓர் அமைப்பு சான்று தரவேண்டியிருந்தது! அதை நான் குறை சொல்லவில்லை. தூரத்து வாங்குபவருக்கு அத்தாட்சி வேண்டும்தானே. என் கேள்வி வேறு. ஒரே வளைப்பில் பல பத்துத் தொன் அள்ளும் சுருக்குவலைக் கப்பலின் மீனும் அதே தட்டில் அதே தகரத்தில் நிற்கிறது. ஒவ்வொன்றாகப் பிடித்தவருக்கு அந்த வேறுபாட்டின் காசு போகிறதா? பொடிமீனையும் அளவோடு பிடித்தால்தான் நாளைக்கும் தூண்டில் போடலாம். அந்தக் கட்டுப்பாட்டுக்கும் செலவு உண்டு.

நீங்கள் கொள்முதல் செய்கிறவர்கள். அடுத்த மாசி மூட்டைக்கு விலை பேசும்போது, எந்தத் தீவு மீன், தூண்டிலா வலையா என்று கேளுங்கள். தூண்டில் என்றால் விலையைக் கொஞ்சம் கூட்டி எழுதுங்கள்.