மாயாவிக்காகக் காத்திருப்போர்



இன்னும் வெளிவராத ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பாடசாலை அதிபர் ஒருவர் பேச வருவது உங்களுட் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். பரீட்சைகளைப் பற்றியும் பிள்ளைகளின் வரவைப் பற்றியும் கவலைகொள்ள வேண்டியவருக்குச் சினிமாவில் என்ன வேலை என்று கேட்போரும் இருப்பர். பிள்ளைகள் எதனை ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள், எதனை எண்ணி அஞ்சுகிறார்கள் என்பதை அறியாத ஆசிரியர், அவர்களுக்கு வேறெதனைக் கற்பிக்க வல்லவராவார்? அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

நான் பணியாற்றுவது சபரகமுவ மாகாணத்துத் தோட்டப்புறமொன்றில். ஒரு மலையில் தேயிலை. அடுத்த மலையில் இறப்பர். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நின்றுவிடும். அன்றைய பேரும் இல்லாமற் போகும். அத்தகைய வீடுகளிலிருந்து வரும் எங்கள் மாணவர்கள் இடைவேளையில் கூடிப் பேசும்போது, மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ஆற்றல் வாய்ந்த வீரர்களே அவர்கள் பேச்சில் மிகுதியாக இடம்பெறுகின்றனர். சூப்பர் ஹீரோ என்று அவர்கள் வழங்கும் அவ்வீரரை நான் அதிமானுட வீரர் என்று கூறுவேன். அப்படிப்பட்ட படமொன்று வரப்போகிறது என்ற செய்தி கிடைத்துவிட்டால், அப்படம் வருமுன்னரே பாதி இன்பமும் பாதித் துன்பமும் வந்துவிடுகின்றன. இந்த இன்பத்தையும் துன்பத்தையும் சற்று ஆராய்வோம்.

தமிழ் வாசகர் தமக்குரியவனாகவே ஏற்றுக்கொண்ட அதிமானுட வீரன் ஒருவன் உண்டு. அவனே இரும்புக்கை மாயாவி. அவன் பிறந்த இடம் தமிழகமன்று, இங்கிலாந்து. 1962ஆம் ஆண்டு வேலியண்ட் என்னும் வார இதழில் அவன் கதை தொடங்கிற்று. லூயிஸ் கிராண்டேல் என்னும் ஆய்வுகூட உதவியாளன், விபத்தொன்றில் வலக்கையை இழந்து, அதற்கீடாக இரும்புக் கையொன்றைப் பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் உடலிற் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் தெரியும். முதலில் தீய வழியிற் சென்ற அவன், பின்னர் திருந்தி நீதியின் பக்கம் நிற்கிறான். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதை வெளியீடு தோன்றியபோது, அதன் முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். அன்று தொட்டு அவன் தமிழ் பேசலானான்.

எங்கள் இளமையில் அந்நூல்கள் பெரும்பாலும் அட்டை இழந்த நிலையிலேயே எங்கள் கைக்கு வந்துசேரும். காம்பராவுக்குக் காம்பரா கைமாறி, குப்பி விளக்கொளியில் படிக்கப்பட்டவை அவை. மாயாவி மறைவதற்கு மின்சாரம் வேண்டுமே, நம் லயத்தில் மின்சாரமே இல்லையே, இங்கு வந்தால் அவன் என்ன செய்வான் என்பது எங்களுக்குள் எழுந்த பெரும் ஐயம். இடி விழும்வரை இஸ்தோப்பில் காத்திருப்பான் என்று நண்பனொருவன் விடை பகர்ந்தான். சித்திரை மாதத்து மாலை இடியை அறிந்த இரத்தினபுரிப் பக்கத்துப் பிள்ளைக்கு அவ்விடை இயல்பானதே.

இப்பெயரிலேயே ஒரு படம் எடுக்க வேண்டுமென்ற விருப்பத்தைத் தமிழ்த் திரைப்பட இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல ஆண்டுகளாகத் தெரிவித்து வந்திருக்கிறார். அச்செய்தி ஒவ்வொரு முறை எழும்போதும் தந்தைமார் தங்கள் பழைய கதைகளைச் சொல்கின்றனர். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் புதிய செய்தி தேடுகின்றனர். கறுப்பு வெள்ளைக் கோடுகளிற் கண்டவன் அசைந்து நடப்பதைக் காண வேண்டும் என்பதும், பிறமொழி வீரரின் வாயில் பின்னர் பொருத்தப்பட்ட தமிழை அல்லாமல் தமிழிலேயே பிறந்த வீரமொழியைக் கேட்க வேண்டும் என்பதுமே அவர்களது நம்பிக்கை.

இனி, அவர்களது அச்சங்களை நோக்குவோம். அவை மூன்று.

முதலாவது, படம் வருமோ வராதோ என்ற அச்சம். இது புதிதன்று. நாவலப்பிட்டியிற் பிறந்து, தமிழ்த் திரையுலகில் தனியிடம் பெற்ற எம். ஜி. ஆர். தாமே இயக்கி நடித்த உலகம் சுற்றும் வாலிபனை நினைத்துப் பாருங்கள். மின்னலின் ஆற்றலைச் சிறு குளிகையில் அடக்கும் வழி கண்ட விஞ்ஞானி முருகனின் கதை அது. அவ்வாற்றல் போருக்குப் பயன்பட்டுவிடலாகாது என்று அஞ்சி அவன் அதனை வெளியிட மறுக்கிறான். பொருளாசை கொண்ட மற்றொரு விஞ்ஞானி அதனைக் கவர முற்படுகிறான். 1970இல் ஜப்பானின் ஒசாகா நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியிலும் இதன் காட்சிகள் படமாக்கப்பட்டன. படம் முடிவதற்குள் 1972 அக்டோபரில் எம். ஜி. ஆர். தாம் இருந்த கட்சியிலிருந்து நீக்கப்பட்டுத் தனிக்கட்சி கண்டார். இந்த அரசியற் புயலில் படம் கரைசேருமா என்று இரசிகர்கள் கலங்கினர். 1973 மே 11ஆம் நாள் படம் வெளிவந்தது, பெருவெற்றியும் பெற்றது. காத்திருந்தோர் அன்று கண்டது கதையை மட்டுமன்று. தாம் நம்பிய ஒருவர் இடையூறுகளைத் தாண்டி வந்து சேர்ந்ததையும் கண்டனர். அச்சம் எவ்வளவு பெரிதாயிருந்ததோ அவ்வளவு பெரிதாயிற்று மகிழ்ச்சியும்.

இரண்டாவது, தெரிந்த கதை சிதையாமல் வருமோ என்ற அச்சம். மேனாட்டில் இது மிக வலிது. 1938இல் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர் படைத்த சூப்பர்மேன் தொடங்கி, அங்குள்ள வீரருட் பெரும்பாலோர் சித்திரக்கதை ஏட்டிலிருந்தே திரைக்கு வந்தவர்கள். ஆதலால் உடையின் நிறம் மாறினாலும் இரசிகர் வழக்குரைக்கின்றனர். 2018இல் வெளிவந்த அவெஞ்சர்ஸ் படமொன்று, உலக உயிர்களிற் பாதி மறைந்துபோவதோடு முடிந்தது. அடுத்த படம் வரும்வரை ஓராண்டுக் காலம், மறைந்த வீரர் மீள்வரோ என்று உலகெங்கும் இளைஞர் விவாதித்தனர்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் நம் தோட்டத்துக் கூத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் மலையகத்தார் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் ஆட்டங்கள். சிவனிடம் பாசுபதம் பெறத் தபசு மரத்தில் ஏறும் அருச்சுனன் அதிமானுட வீரன் அல்லனோ? கதையின் முடிவு கூடியிருப்போர் அனைவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் இரவு முழுவதும் கண்விழிக்கின்றனர். அவர்தம் கவலையெல்லாம், இவ்வாண்டு வேடங்கட்டியவர் தம் பங்கை வழுவாது செய்வாரோ என்பதே. ஓர் அடி தவறினாலும் முன்வரிசைக் கிழவர் உரத்துச் சொல்லிவிடுவார். மேனாட்டு இரசிகர் செய்வதும் அக்கிழவர் செய்வதும் ஒன்றே. தாம் நேசிக்கும் கதைக்குக் காவல் நிற்பதே அது. அதனைப் பித்து என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது அச்சமே ஆழமானது. வருபவன் நம்மவனாக வருவானோ, அன்றி அயலாரின் நிழலாக வருவானோ என்பது அது. 2012 ஆகஸ்ட் 31இல் இயக்குநர் மிஷ்கினின் முகமூடி, ஜீவா நாயகனாக நடிக்க வெளிவந்தது. தமிழுக்கென ஓர் அதிமானுட வீரன் வருகிறான் என்ற பெரிய எதிர்பார்ப்பு அதற்கு இருந்தது. ஆயினும், முகமூடியும் மேலங்கியும் அணிந்தவன் நம் தெருவுக்கு அந்நியனாகவே தோன்றினான் என்று பலர் குறைப்பட்டனர். எதிர்பார்த்த வரவேற்பு கிட்டவில்லை.

இதற்கு மாறாக, 2021 டிசம்பரில் வெளிவந்த மின்னல் முரளி என்னும் மலையாளப் படத்தைக் கூறலாம். கேரளத்துச் சிற்றூரொன்றின் தையற்காரனை மின்னல் தாக்குகிறது. அவனுக்கு ஆற்றல் பிறக்கிறது. அதே மின்னல் ஊராரால் ஒதுக்கப்பட்ட இன்னொருவனையும் தாக்குகிறது. தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் நடித்த அப்பாத்திரம், தீமை செய்தபோதும் பார்ப்போரைக் கண்கலங்க வைத்தது. 2023 ஜூலையில் மடோன் அஷ்வின் இயக்கத்தில் சிவகார்த்திகேயன் நடித்த மாவீரன் வந்தது. அதன் நாயகன் பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரைபவன். இயல்பாகவே அச்சம் மிகுந்தவன். குடிசையிலிருந்து அகற்றப்பட்டு, தொட்டால் உதிரும் சுவர்களைக் கொண்ட மாடிக் குடியிருப்பில் அவன் குடும்பம் குடியமர்த்தப்படுகிறது. அவனுக்குக் கிடைக்கும் ஆற்றலோ காதில் ஒலிக்கும் ஒரு குரல் மாத்திரமே. பறக்கவும் அவனால் இயலாது, மறையவும் இயலாது. எனினும் லயத்துக் கூரையின் ஒழுக்கை அறிந்த எங்கள் மாணவருக்கு அவன் யாரென்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நேயர்களே, இங்குதான் மாயாவியை மீண்டும் நினைக்க வேண்டியிருக்கிறது. உருவம் மறைந்திருக்கும், கை மட்டும் தெரியும். இந்த வேடிக்கையை ஆழ்ந்து நோக்கினால் நம் மக்களின் வரலாறு அதில் தென்படுகிறது. கொழுந்து பறிக்கும் விரல்களைத் தேயிலை விளம்பரங்களில் உலகம் கண்டது. அவ்விரல்களுக்குரிய மனிதரைக் காணவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. மாயாவி தான் விரும்பியபோது மறைந்தான். எம் மூதாதையரோ விரும்பாமலே மறைக்கப்பட்டனர்.

ஆகவே, வரும் வீரன் நம்மவனாயிருக்க வேண்டும் என்று ஒரு தோட்டத்துச் சிறுவன் ஏங்கும்போது, அவன் கேட்பது வெறும் பொழுதுபோக்கன்று. திரையில் தன் முகம் தெரிய வேண்டும் என்று கேட்கிறான்.

அண்மையில் எங்கள் ஒன்பதாந் தர மாணவர்களிடம், வரப்போகும் வீரனிடம் நீங்கள் விரும்புவது யாது, அஞ்சுவது யாது என்று எழுதித் தருமாறு கேட்டேன். பகைவரை அடிப்பவனைப் பலர் வேண்டினர். ஒரு மாணவி, அவன் சண்டையிடாவிட்டாலும் குற்றமில்லை, இரவில் நோயாளியை மலையிலிருந்து பிரதான வீதிவரை தூக்கிச் சென்றால் போதும் என்று எழுதியிருந்தாள். மற்றொரு மாணவனின் அச்சம் ஒரே வரியில் இருந்தது. எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு அவன் போய்விடுவானோ என்பதே அவ்வச்சம். அவ்வரியைப் படித்தபின் மற்றத் தாள்களைத் திருத்த எனக்குச் சற்று நேரமாயிற்று.

அம்மாணவனுக்குரிய விடையைத் தேடியபோது தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், வியப்பாகிய மருட்கையை ஒன்றாகவும், வீரமாகிய பெருமிதத்தை வேறொன்றாகவும் வைத்தார். புதுமையும் பெருமையும் கண்டவிடத்து மருட்கை பிறக்கும். பெருமிதம் பிறப்பதற்கோ கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை என்னும் நான்கினைக் காரணமாகக் கூறினார். அவற்றுள் முதலில் நிற்பது கல்வி. உடல் வலிமை அந்நிரலில் இல்லை. பறப்பதும் மறைவதும் மருட்கையைத் தரும், வீரத்தைத் தரமாட்டா. மின்னலை அடக்கிய முருகன் அவ்வாற்றலைப் போருக்குக் கொடுக்க மறுத்ததனால் வீரனானான். மாவீரனின் நாயகன் அச்சத்தோடு நின்றும் பிறருக்காக முன்வந்ததனால் வீரனானான். இவ்விரண்டும் படம் முடிந்தபின் திரையோடு போய்விடுவனவல்ல, கற்றுக்கொள்ளத்தக்கவை.

பிரஜாவுரிமையும் எந்த மாயாவியாலும் வந்ததன்று. சங்கம் அமைத்தோரும், மனு எழுதியோரும், வழக்காடியோரும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாம் பெரட்டுக்குச் சென்ற தாய்மாரும் சேர்ந்து தேடியது அது. அவர்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்தம் மக்களே இப்பிள்ளைகள்.

இளைஞர்களுக்கு நான் கூற விரும்புவது சிலவே. ஆவலோடு காத்திருங்கள்; அதில் இழிவில்லை. வதந்தியைச் செய்தியென்று பரப்பாதீர்கள். இந்த நடிகரா, அந்த நடிகரா என்று நண்பரோடு பகைத்துக்கொள்ளாதீர்கள். படம் வந்தபின், பணம் எவ்வளவு ஈட்டிற்று என்று கேட்குமுன், அவ்வீரன் யாருக்காக நின்றான் என்று கேளுங்கள். கூத்துக் களத்தின் முன்வரிசைக் கிழவர் உங்களுக்கு விட்டுச்சென்ற உரிமை அது. படம் வரத் தாமதமாயின், உங்கள் பாடசாலைக் கையெழுத்துச் சஞ்சிகையில் உங்கள் வீரனை நீங்களே வரையுங்கள். எங்கள் பாடசாலையில் நோயாளியைத் தூக்கிச் செல்லும் வீரனை அம்மாணவி இப்பொழுது வரைந்துகொண்டிருக்கிறாள். அவள் வரையும் வீரனுக்கு முகமூடி இல்லை.

பெற்றோரும் ஆசிரியரும் இப்பேச்சுக்களைக் கேட்டவுடன் அதட்டிவிடாது, ஒருகணம் செவிசாய்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.