முறை வேறு, உரிமை வேறு



2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கண்டிக்கு அணித்தாயுள்ள தவுலகலைப் பகுதியில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வீதியிற் சென்ற மாணவி ஒருத்தி பட்டப்பகலில் வேன் ஒன்றினுள் பலவந்தமாக இழுத்துச் செல்லப்பட்டாள். இளைஞர் ஒருவர் தம் உயிரையும் பொருட்படுத்தாது அவளை மீட்க முயன்றார். பின்னர் அவள் அம்பாறையில் மீட்கப்பட்டாள். கைதான சந்தேகநபர் அவளுடைய உறவினர் என்ற செய்தியும் வெளிவந்தது.

அவ்வழக்கின் தீர்ப்பு நீதிமன்றத்துக்குரியது. நாம் சிந்திக்க வேண்டியது வேறொன்று. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், "உறவுக்காரன்தானே, குடும்ப விவகாரம்" என்று கூறி அமைதியடைவோர் நம்மிடையே உளர். அறிந்தவன் செய்தால் வன்முறையின் கொடுமை குறைந்துவிடுமா? குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, இல்லறத் துணையோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அத்துணையாலேயே உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளார். ஆதலால் அந்நியனுக்கு அஞ்சு என்று மட்டும் பெண் பிள்ளைகளுக்குப் போதிப்பது போதாது.

மச்சான் முறை என்பது உறவின் பெயர். அஃது உரிமைச் சீட்டன்று. காதலித்தவர், நிச்சயிக்கப்பட்டவர் என்பனவும் அத்தகையனவே. ஒருமுறை இசைந்தவள் மறுமுறை மறுக்கலாம். தொலைபேசியைப் பறித்துச் சோதித்தல், தோழியரிடமிருந்து பிரித்தல், படங்களை வெளியிடுவேன் என்றோ உயிரை மாய்த்துக்கொள்வேன் என்றோ மிரட்டுதல் ஆகியவை அன்பின் அடையாளங்களல்ல, வன்முறையின் முற்குறிகள்.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவரை மட்டுமன்றி, பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளையும் தன் வரம்புக்குள் அடக்குகின்றது. நீதவான் நீதிமன்றம் பன்னிரண்டு மாதங்கள் வரை செல்லுபடியாகும் பாதுகாப்புக் கட்டளையை வழங்கலாம். உடனடி ஆபத்தெனில் 119, பெண்களுக்கு 1938, சிறுவர்க்கு 1929 என்னும் இலக்கங்கள் உள. இவற்றை ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதி வைத்தல் நன்று.

பெற்றோரே, மகள் முறையிட வரும்போது, "நீ ஏன் அங்கே போனாய்?" என்று முதலிற் கேளாதீர்கள். அக்கேள்வி அவள் வாயை என்றென்றைக்கும் அடைத்துவிடும். "சொல், கேட்கிறேன்" என்பதே முதல் மொழியாகட்டும். மகனுக்கோ, மறுப்பைத் தாங்கிக்கொள்ளும் மனவலிமையைப் பழக்குங்கள். "இல்லை" என்னும் சொல் அவனுக்கு நேர்ந்த அவமானமன்று. பிறிதோர் உயிரின் முடிவு.

தவுலகலையில் ஓடிச்சென்ற அவ்விளைஞர், அது யாருடைய குடும்பம் என்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. நாமும் அவ்வாறே இருப்போமாக.