குதிரும் பெட்டியும்



தேன்கனிக்கோட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றில் என் பாட்டியார் வாழ்ந்தார். அவர் வீட்டு மூலையில் ஆள் உயரத்திற்கு ஒரு மண் குதிர் நின்றது. அறுவடை முடிந்ததும், நன்கு உலர்ந்த கேழ்வரகை அதில் கொட்டி, வேப்பிலை இட்டு, வாயை மண்ணால் பூசி மூடுவார். அடியில் ஒரு துளை. அதனைத் துணியால் அடைத்திருப்பார். வேண்டியபொழுது துணியை எடுத்தால் தானியம் சொரியும். வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டால், "குதிரிலேயே கிடக்கட்டும் ஐயா, அதற்கு நான் சோறா போடப் போகிறேன்?" என்பார். கேழ்வரகு மிகச் சிறிய மணி, ஈரம் இல்லையெனில் பூச்சி எளிதில் அண்டாது, ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆகவே அவரால் காத்திருக்க முடிந்தது. அந்தக் காத்திருப்பே அவருடைய செல்வம்.

இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெரும் விளைபொருள்களுள் ஒன்று மாம்பழம். 'பெங்களூரா' என்னும் கிளிமூக்கு மாங்காய் ஒரே பருவத்தில் மலை மலையாய் வந்து குவிகின்றது. மாம்பழத்திற்குக் குதிர் ஏது? என் உறவினர் ஒருவர், சுமை ஏற்றிய வண்டியுடன் ஓர் ஆலை வாயிலில் இரண்டு நாள் காத்துக் கிடந்தார். பழம் கனியக் கனிய விலை இறங்கியது. இறுதியில் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையாய்த் திரும்பினார்.

ஆலைக்குள் நுழைந்தபின் அதே மாம்பழம் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது! அதனைக் கூழாக்கி, சூடேற்றிக் கிருமிகளை அழித்து, குளிரவைத்து, காற்றுப் புகாத பைகளில் நிரப்பி, இரும்புப் பீப்பாய்களில் வைக்கின்றனர். ஓராண்டு கழிந்தாலும் அது கெடுவதில்லை. பின்னர், கன்டெய்னர் என்று நாம் வழங்கும் இரும்புப் பெட்டியில் ஏறிக் கடல் கடக்கின்றது.

அந்தப் பெட்டியின் வரலாறும் சுவையானதே. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரித் தொழிலதிபர் 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பலில் ஏற்றி, நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளிருக்கும் சரக்கைத் தொடாமலே லாரியிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து லாரிக்கும் பெட்டியை மாற்றலாம் என்பதே அதன் சிறப்பு. ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். 20 அடி நீளமும் 40 அடி நீளமும் உடைய அப்பெட்டிகள் ஓயாமல் செல்வதைக் காண்பீர்கள். அவற்றை நடமாடும் குதிர்கள் என்றே நான் சொல்லுவேன்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டியாரின் குதிர் விளைவித்தவருக்கே உரியது. இன்றைய பீப்பாயும் பெட்டியும் அவ்வாறல்ல. காத்திருக்கும் ஆற்றல் உழவரின் கையிலிருந்து நழுவிவிட்டது.

இதற்கு வழியே இல்லையா? தானியத்திற்கு ஒரு வழி உண்டு. 1957இல் மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகமும், 1958இல் நம் மாநிலக் கழகமும் தோன்றின. கிடங்கில் தானியத்தை ஒப்படைத்து இரசீது பெறலாம். அந்த இரசீதை ஈடாகக் காட்டி வங்கியில் கடனும் பெறலாம். விலை ஏறும்வரை உழவர் பொறுத்திருக்க இயலும். மாம்பழத்திற்கோ, விளைவிப்போரே ஒன்றுகூடிக் கூழாக்கிச் சேமித்தாலன்றி அப்பயன் கிட்டாது.

நண்பர்களே, பொருளை விளைவிப்பது ஒரு கலை. அதனைக் காத்து வைப்பது மற்றொரு கலை. உங்களுள் பொறியியல் பயில்வோரும் வணிகம் பயில்வோரும் இருப்பீர்கள். மா விளைவிக்கும் உழவருக்கு ஒரு குதிர் செய்து தருவது உங்கள் கடன்.