ஓர் ஊரில் தங்குவதே!

(பட்டிமன்றத் தலைப்பு: சின்னஞ்சிறு பிள்ளைகளோடு செல்லும் விடுமுறைப் பயணத்தில் பெரிதும் இன்பம் தருவது பல ஊர் பார்ப்பதே! ஓர் ஊரில் தங்குவதே!)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி உங்களை மூச்சு வாங்க வைத்த எதிரணிச் சகோதரி அவர்களே! என் அணித் தோழர்களே! விடுமுறை நாளில் எங்கேயும் ஓடாமல் வீட்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதன் மூலம், ஏற்கெனவே என் பக்கம் சேர்ந்துவிட்ட தொலைக்காட்சி நேயர்களே! (சிரிப்பு)

சகோதரி அந்தமான் போன கதையைச் சொன்னார். நாலு நாள், நாலு தீவு. கேட்கும்போதே எனக்குக் கால் வலித்தது. அவருடைய நாலு வயது மகளிடம் இடைவேளையில் மெதுவாக விசாரித்தேன். "பாப்பா, அந்தமான்ல என்னம்மா பாத்தே?" என்றேன். அந்தக் குழந்தை சொன்னது: "பெட்டி பாத்தேன் மாமா. அம்மா பெட்டியை மூடுவாங்க, தொறப்பாங்க, மூடுவாங்க!" (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து மூடியவர் யார்? அம்மா! ஊருக்கு ஊர் விடுதி மாறும்போது பால் புட்டி கழுவ இடம் தேடுபவர் யார்? அம்மா! ஈரத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு வண்டியில் ஏறுபவர் யார்? அம்மா! வீட்டில் ஒரு சமையலறை. பயணத்தில் நாளுக்கு ஒன்று. இதற்குப் பெயர் விடுமுறையா? (கைதட்டல்)

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு ஒரு சொல் பிடிக்கும். 'அடுத்து?' அடுத்து எங்கே, அடுத்து என்ன, அடுத்து எப்போ. குழந்தைக்கு வேறொரு சொல் பிடிக்கும். 'மறுபடியும்!' காக்கா நரி கதையை நேற்றுச் சொன்னோம், இன்றைக்கும் அதையே கேட்கும். நாம் அலுத்துப்போய் நரிக்குப் பதில் ஓநாய் என்று மாற்றினால், "தப்பு, நரிதான்!" என்று திருத்தும். ஊஞ்சலில் ஆட்டினால் "இன்னொரு தடவை". ஏன்? முதல் தடவை எதுவும் குழந்தைக்கு அச்சம். இரண்டாம் தடவை பழக்கம். மூன்றாம் தடவைதான் இன்பம்! பல ஊர் சுற்றுகிறவர்கள் தங்கள் பிள்ளைக்கு முதல் தடவையை மட்டுமே காட்டிவிட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். இதுதான் என் குற்றச்சாட்டு.

கற்பனையில் பேசவில்லை. போன மே மாதம் என் ஐந்து வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு நாங்கள் போன இடம் ஜவ்வாது மலை. சகோதரிக்கு நாலு தீவு. எனக்கு ஒரே தீவு. மலையும் ஒரு தீவுதானே! சுற்றிலும் கடலுக்குப் பதில் சமவெளி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் ஜமுனாமரத்தூர். அங்கே ஐந்து நாள். வேறெங்கும் பெட்டி தூக்குவதில்லை என்று முடிவு.

முதல் நாள் பேரன் ஐந்து தடவை கேட்டான்: "தாத்தா, அடுத்து எங்க போறோம்?" நாம்தானே பழக்கிவிட்டோம்! கோமுட்டேரியில் படகு விடுகிறார்கள். முதல் நாள் படகில் ஏறவே அழுகை. என் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பித்தான் போச்சு. (சிரிப்பு) மறுநாள் அவனே சட்டையைப் பிடித்து இழுத்தான். இந்தத் தடவை படகுக்கு! மூன்றாம் நாள் அந்தப் படகுக்குப் பெயரே வைத்துவிட்டான். ஒரே ஏரி, ஒரே படகு. அச்சம், பழக்கம், இன்பம். முதல் நாளே ஏலகிரிக்கு வண்டியைத் திருப்பியிருந்தால், என் பேரனுக்குப் படகு என்றால் அழுகை என்பதோடு கதை முடிந்திருக்கும்.

பீமன் அருவிக்குப் போனோம். கோடை. நூல் போலத் தண்ணீர். பட்டியல் வைத்துக்கொண்டு ஊர் பார்க்கிறவராக இருந்தால் "காசெல்லாம் தண்டம்" என்று தலையில் கை வைத்திருப்பார். என் பேரன் அந்தப் பாறை இடுக்கில் தேங்கியிருந்த தண்ணீரில் கூழாங்கல் அடுக்கி ஒன்றரை மணி நேரம் அணை கட்டினான். அருவி வற்றலாம் ஐயா, குழந்தையின் வேடிக்கை வற்றாது. நாம் வண்டியின் ஒலிப்பானை அடிக்காமல் இருந்தால் போதும்! (கைதட்டல்)

அந்த மலையின் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். உடனே கேரளத்தை நினைக்காதீர்கள். மலையை ஆள்பவர், மலையாளி. பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் வழக்கு. அங்கே ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். உமி ஒரு பக்கம் பறக்கிறது, அரிசி முறத்தில் நிற்கிறது. பேரன் பார்த்துக்கொண்டே நின்றான். முதல் நாள் தூரத்தில். மறுநாள் பக்கத்தில். மூன்றாம் நாள் முறத்தில் ஒரு பக்கம் பாட்டி கை, ஒரு பக்கம் இவன் கை! பாதி சாமை கோழிக்குப் போனது. "போகட்டும் சாமி, கோழியும் புள்ளதானே" என்றார் அந்தப் பாட்டி. எந்தச் சுற்றுலாப் பட்டியலில், எத்தனையாவது இடமாக, அந்தப் பாட்டியின் வாசலைப் போடுவீர்கள்?

"சும்மா உட்கார்ந்தால் அறிவு வளருமா?" என்று சகோதரி கேட்டார். அறிவுக்கே வருகிறேன். அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. சுமார் 725 மீட்டர் உயரம். 1986இல் அங்கே அமைந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு என்கிற நம் நாட்டு விஞ்ஞானியின் பெயர். அதற்கு முன்பே, 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கப்போகிறது என்று அங்கே காத்திருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்னாலேயே அந்த விண்மீனின் ஒளி ஒரு கணம் மங்கி மீண்டது. உலகத்தில் வேறு இடங்களிலும் அதைக் கண்டார்கள். காவலூரிலும் பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். நடுவர் அவர்களே, அது ஊர் ஊராக ஓடிக் கிடைத்த அறிவா? ஓரிடத்தில், ஒரே புள்ளியை, கண் எடுக்காமல் பார்த்ததால் கிடைத்த அறிவு! (பலத்த கைதட்டல்)

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அங்கே அனுமதிக்கும் வழக்கம் உண்டு, விசாரித்துக்கொண்டு போங்கள். நாங்கள் போன இரவு மேகம். கூட வந்த ஒரு குடும்பம், "காலைல நாலு மணிக்குக் கிளம்பணும் சார்" என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. எங்களுக்குத்தான் போக இடமே இல்லையே! உட்கார்ந்திருந்தோம். மேகம் விலகியது. நிலாவில் குழி பார்த்துவிட்டுப் பேரன் கேட்டான்: "தாத்தா, மறுபடியும் பாக்கலாமா?"

தமிழ் வாத்தியார் தமிழைத் தொடாமல் போனால் சம்பளம் செரிக்காது. (சிரிப்பு) ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருப்பது செங்கம். சங்க காலத்தில் அது செங்கண்மா, நன்னன் ஆண்ட ஊர். அந்த நன்னனைப் பாடியதுதான் பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம். வழி சொல்லும் நூல் அது, ஆற்றுப்படை. கூத்தர்கள் குடும்பத்தோடு மலை ஏறிப் போக வேண்டும். புலவர் என்ன சொல்கிறார்? வேகமாகப் போ என்றா? இருட்டில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தங்கி, விடிந்த பிறகு போ என்கிறார். போகிற வழியில் மலையின் ஓசைகளை வரிசையாக எண்ணிக் காட்டுகிறார். அருவி ஓசை, கிளி ஓட்டும் பெண்களின் குரல், தினை குற்றும் பெண்களின் பாட்டு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அந்த ஓசைகளால்தான் நூலுக்கே அந்தப் பெயர். ஓசையை எண்ண வேண்டுமானால் கால் நிற்க வேண்டும் ஐயா!

நாலாம் நாள் விடியற்காலை. பேரன் என்னை எழுப்பினான். "தாத்தா, கேளு. ஏழு சத்தம்!" விரல் விட்டு எண்ணினான். சேவல். மாட்டு மணி. காத்து. பேர் தெரியாத ஒரு குருவி. முதல் பஸ்ஸு. பாட்டி முறம். ஆறுதானேடா, ஏழாவது? "உன் கொறட்டை தாத்தா!" (பலத்த சிரிப்பு) அன்றைக்குத்தான் கவனித்தேன். 'அடுத்து எங்கே' என்று அவன் கேட்டு முழுசாக ஒரு நாள் ஆகியிருந்தது.

இப்படியெல்லாம் பேசுகிற நான் முன்பு எப்படி இருந்தேன்? அந்தப் பேரனின் அப்பா, என் மகன், ஆறு வயதாக இருந்தபோது வேன் பிடித்து ஊட்டி, குன்னூர், முதுமலை, மைசூர். மூன்றே நாள். ஊட்டிப் பூங்காவில் ஒரு நத்தை. புல்லில் ஊர்ந்துகொண்டிருந்தது. "அப்பா, அது அந்தக் கல்லுக்குப் போற வரைக்கும் பாக்கலாம்ப்பா" என்றான். கடிகாரத்தைப் பார்த்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அன்று எடுத்த படத்தில் நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். அவன் மட்டும் வேறு பக்கம் பார்க்கிறான்.

ஜமுனாமரத்தூரில் ஒரு ராத்திரி அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். "என்னப்பா ஞாபகம் இருக்கு?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "நீங்க வாட்ச் பாத்ததுப்பா." (அமைதி)

நடுவர் அவர்களே, நாலு ஊர் காட்டினேன். பிள்ளைக்கு ஓர் ஊரும் மிஞ்சவில்லை. மைசூர் அங்கேயே இருக்கிறது, நாளைக்கும் போகலாம். ஆறு வயது மகன் எங்கே இருக்கிறான்? எந்த வேன் பிடித்துப் போய்ப் பார்ப்பேன்?

பிள்ளை வளரட்டும், கல்லூரிக்குப் போகட்டும், நாப்பது ஊர் சுற்றட்டும். நான் தடுக்கவில்லை. கை பிடித்து நடக்கிற வயதில் அவனுக்கு வேண்டியது ஓர் ஊர், ஒரு வாசல், அவன் வேகத்துக்கு நடக்கிற ஒரு பெரியவர்.

இதோ, நடுவர் மணி அடித்துவிட்டார். பேச்சாளன் நான், மணி அடித்தால் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தாய்மார்களே, தந்தைமார்களே, ஆண்டு முழுக்க நம் பிள்ளைகளுக்கு மணி அடித்துக்கொண்டேதான் இருக்கிறோம். எழுந்திரு மணி, பள்ளிக்கூட மணி, வீட்டுப்பாட மணி. வருஷத்தில் ஐந்து நாளாவது மணி அடிக்காமல் இருங்கள். அந்த நத்தை கல்லுக்குப் போய்ச் சேரட்டும்!

விடுமுறையின் இன்பம் ஓர் ஊரில் தங்குவதே என்று தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)