வீட்டுப் பலகாரமே!

(தீபாவளிச் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: குடும்பத்துக்கு நலம் தரும் பண்டிகைப் பலகாரம் வீட்டில் செய்ததா? கடையில் வாங்கியதா?)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! அட்டைப் பெட்டியைப் பிரித்தே பழகிப்போன எதிரணி நண்பர்களே! வீட்டில் முறுக்கைக் கடிச்சுக்கிட்டே எங்களைப் பார்த்துக்கிட்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வியைப் போட்டுட்டுப் போனாங்க. "வீட்டுப் பலகாரம்னு பெருமை பேசுற ஆம்பளைங்க என்னிக்காவது அடுப்பங்கரைக்குள்ள போயிருக்கீங்களா?"ன்னு. போயிருக்கேம்மா! பலகார டப்பாவை எங்கே ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு தேடிப் போயிருக்கேன். (சிரிப்பு)

சிரிச்சுட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. கடைசியில் வர்றேன்.

நம்ம பண்டிகைகளை வரிசையா எண்ணிப் பாருங்க. பிள்ளையார் சதுர்த்தியா? கொழுக்கட்டை. ஆவியில் வெந்தது. நவராத்திரியா? சுண்டல். ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் பயறு, ஒருநாள் மொச்சை. பொங்கலா? புது அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம். எண்ணெய்ச் சட்டி ஏறுகிற பெரும் பண்டிகை தீபாவளி. அதுக்கும் நம்ம பெரியவங்க என்ன செஞ்சாங்க? பக்கத்திலேயே லேகியம் கிண்டி வச்சாங்க. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய்! எந்தக் கடைக்காரராவது, "ஐயா, இதை அதிகம் தின்னா வயிறு மந்தமாயிடும், அளவாச் சாப்பிடுங்க"ன்னு சொல்லி இனிப்பை நிறுத்துக் கொடுத்திருக்காரா? வீடு சொல்லும்! (கைதட்டல்)

எதிரணி நண்பர் சொன்னார், "கடைக்குச் சட்டம் இருக்கு, வீட்டுக்கு என்ன இருக்கு?" என்று. சட்டம் இருக்கத்தான் செய்யுது. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெயை ஒதுக்கணும்னு 2018 ஜூலை முதல் விதி இருக்கு. எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு 2022 ஜனவரியில் வரம்பு வந்தது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் இனிப்பு வாங்கப் போன நீங்க சட்டிக்குள்ளயா எட்டிப் பார்த்தீங்க? கண்ணாடிப் பெட்டிக்குள்ளதானே பார்த்தீங்க! என் வீட்டுச் சட்டியில் இருப்பது நேத்து எண்ணெயா, இன்னிக்கு ஊத்தினதான்னு எனக்குத் தெரியும்.

அதுக்காக வீட்டில் செஞ்சதெல்லாம் அமிர்தம்னு நான் சாதிக்க வரலை. வெல்லமும் இனிப்புதான். சர்க்கரை நோய்க்காரர், 'வெல்லம்தானே'ன்னு எட்டு அதிரசம் தின்னா, இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். முறுக்கு சுட்ட எண்ணெயை வச்சிருந்து நாலு நாள் அப்பளம் பொரிச்சா, அடுப்பு வீட்டு அடுப்பா இருந்து என்ன பிரயோசனம்?

பின்னே வீட்டுக்கு என்ன பெருமை? தின்னப்போறது யாருன்னு செய்கிற கைக்குத் தெரியும். அதுதான் பெருமை.

எங்க அப்பாவுக்குச் சர்க்கரை. நோய் கண்ட முதல் தீபாவளி அன்னிக்கு நாங்க எல்லாரும் தின்னோம். அவர் திண்ணையில் செய்தித்தாளை முகத்துக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். படிக்கிறார்னு நினைச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு நடுவர் அவர்களே, பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அடுத்த வருஷம் எங்க அம்மா எலுமிச்சங்காய் அளவு பிடிச்ச பயத்தம் உருண்டையை நெல்லிக்காய் அளவாப் பிடிச்சாங்க. ஆளுக்கு ஒண்ணு. வாணலி நிறையக் காராமணிச் சுண்டல். அப்பாவுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கே அதுதான். ஒருத்தருக்கு மட்டும் தனித் தட்டு வச்சா அது பத்தியம். எல்லாருக்கும் ஒரே தட்டு வச்சாத்தான் அது பண்டிகை! (பலத்த கைதட்டல்)

இப்போ சகோதரியின் கேள்விக்கு வர்றேன். அந்த அம்மா மூணு ராத்திரி அடுப்புக்கு முன்னால் நின்னாங்க. நாலு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு உளுந்து மாவு. இடிச்சு, சலிச்சு, பிழிஞ்சு, சுட்டு எடுத்தாங்க. தீபாவளிக் காலையில் புதுப்புடவையை மடியில் வச்சபடியே சுவரில் சாய்ஞ்சு தூங்கிட்டாங்க. எண்ணெய் வாடையே திகட்டிப்போய், ஒரு துண்டு பலகாரம்கூட வாயில் வைக்கலை. எங்களில் ஒருத்தரும் அதைக் கவனிக்கலை. அவங்க போன பிறகுதான் எனக்கே உறைச்சது.

சகோதரி, நீங்க சொன்னது சத்தியம். நாங்க தின்னது வீட்டுப் பலகாரம் இல்லை, அம்மா பலகாரம். அதுக்குத் தீர்வு கடை இல்லைம்மா. வீட்டில் இருக்கிற மற்ற கைகள்தான்!

இப்போ எங்க வீட்டில் ஒன்பது வகை கிடையாது. மூணே வகை, ஒரே மதியம். மகன் மாவு சலிப்பான். மகள் உருண்டை பிடிப்பாள். முறுக்கு நாழி என் கையில். முதல் வருஷம் நான் பிழிஞ்சதைப் பார்த்து என் மனைவி, "என்னங்க இது, முறுக்கா, கேள்விக்குறியா?"ன்னு கேட்டாங்க. (சிரிப்பு)

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடுறேன். அந்தக் கேள்விக்குறியைச் சூடு ஆறுமுன் முதலில் கடிச்சது யார் தெரியுமா? என் மனைவி. எங்க அம்மாவுக்குக் கிடைக்காத முதல் முறுக்கு அது. செய்தவங்களும் உட்கார்ந்து தின்னுகிற வீட்டில் செய்த பலகாரம்தான் குடும்பத்துக்கே நலம் தருவது என்று சொல்லி விடைபெறுகிறேன்.